கரூரில் பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது உறைகிணறும் காசும் வந்தால்

நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரூர் பழைய ஊருக்குள், பசுபதீசுவரர் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, உங்கள் அப்பாரு கட்டிய தொட்டிக்கட்டு வீட்டை இடித்துவிட்டுக் கீழே கடை, மேலே குடியிருப்பு என்று கட்டப் போகிறீர்கள். ஜேசிபி வைத்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது ஆறடிக்குக் கீழே சாம்பல் நிற மண் வந்தது. அதில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய சுடுமண் வளையங்கள், உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமான ஓடுகள், பச்சை பூத்த செப்புக் காசுகள் நாலைந்து, அதில் ஒன்று சதுரம். 'பேசாமல் கான்கிரீட் போட்டு மூடுங்கள், வெளியே தெரிந்தால் இடம் போய்விடும்' என்கிறார் என்ஜினியர். காசை மட்டும் கொடுங்கள், உடனே பணம் தருகிறேன் என்கிறார் ஒரு வியாபாரி. இது என்ன, இடம் போகுமா, யாரிடம் சொல்ல வேண்டும் என்பவை உங்கள் கேள்விகள்.

இடம் போகாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் அவசரமான ஒன்று இருக்கிறது. குழியின் பக்கச் சுவர்களை இன்றைக்கு யாரும் செதுக்கவோ சரிக்கவோ வேண்டாம். மழை வரும்போல் இருந்தால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், குழிக்குள் தண்ணீர் இறங்காமல் மேலே ஒரு சின்ன வரப்பு கட்டுங்கள். காசு எடுத்தாயிற்று, அது டப்பாவில் பத்திரமாக இருக்கும். நாளைக்குக் காணாமல் போகக்கூடியது அந்த மண் சுவர்தான்.

ஏன் சுவரைச் சொல்கிறேன் என்றால், கரூருக்குக் காசுப் பஞ்சமே கிடையாது. அமராவதி ஆற்று மணலைச் சலித்துக் காசு பொறுக்கியவர்கள் கைவழியாக வில்லும் அம்பும் போட்ட சேரர் காசு, யானை போட்ட சதுரக் காசு, 'மாக்கோதை' என்றும் 'கொல்லிப்புறை' என்றும் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் சேர மன்னர் பெயர் பொறித்த காசு, ரோமானிய வெள்ளிக் காசு, பிற்கால ரோமானியரின் பொடிப்பொடியான செப்புக் காசு என்று ஏராளமாக வெளியே வந்திருக்கின்றன. பல சேகரிப்பாளர்களிடம் போயின, கொஞ்சம் நூல்களிலும் ஏறின. ஆனால் அவை ஆற்று மணலில் பொறுக்கியவை. எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையோடு, எந்தத் தரைக்குக் கீழே கிடந்தன என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் மாக்கோதை காசு எந்த நூற்றாண்டு என்று கேட்டால் எழுத்தின் வடிவத்தையும் தலை உருவத்தின் சாயலையும் வைத்து இன்னும் வாதம் செய்துகொண்டிருக்கிறோம். மண்ணடுக்கோடு சேர்த்து ஒரே ஒரு காசு கிடைத்தால், அடுக்கு இல்லாத நூறு காசுகளுக்குத் தேதி சொல்ல அது உதவும். உங்கள் குழியில் இருப்பது அந்த வாய்ப்பு. வியாபாரி கேட்கும் பொருளுக்கு அவர் சொல்வது ஒரு விலை. அதே காசுக்குச் சுவரோடு சேர்த்து இருக்கும் மதிப்பு வேறு. அவர் கைக்குப் போன மறுநிமிடம் அதுவும் ஆற்றுக் காசு ஆகிவிடும்.

கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 580 என்று ஊரெல்லாம் பேசிய தேதி, 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு கரித்துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பிக் கிடைத்தது. 2019இல் அறிக்கை வந்தபோது அந்தத் தேதிக்குக் கனம் கொடுத்தது அந்த ஆழக் கணக்கு. ஆழம் எழுதாமல் அதே கரியைப் பையில் போட்டுக் கொண்டு போயிருந்தால் அது வெறும் அடுப்புக் கரி.

சரி, கிடைத்தது என்ன என்று பார்ப்போம். அடுக்கிய சுடுமண் வளையங்கள் உறைகிணறு. ஆற்றோரத்து இளமண்ணில் கிணறு தோண்டினால் பக்கம் சரியும். அதைத் தடுக்கச் சுட்ட வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவார்கள். பூம்புகார், அரிக்கமேடு, கீழடி, அகரம் என்று பழைய ஊர்கள் பலவற்றில் இது கிடைத்திருக்கிறது. அமராவதி பக்கத்திலேயே ஓடும் கரூரில் கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை. எல்லா உறையும் குடிநீர்க் கிணறும் அல்ல. சில கழிவுநீரை மண்ணுக்குள் இறக்க வைத்தவை. எது என்று தெரிய வேண்டுமானால் உறைக்குள் இருக்கும் மண்ணை அப்படியே விட வேண்டும். குடிநீர்க் கிணற்றின் அடியில் வண்டலும், தண்ணீர் எடுக்கப் போய் விழுந்து உடைந்த குடங்களும் இருக்கும். கழிவுக் குழியில் சாம்பல், எலும்பு, விதை என்று வரும். 'உள்ளே புதையல் இருக்கும்' என்று ஆட்கள் முதலில் கை வைப்பது உறைக்குள்தான். அதைத் தடுத்துவிடுங்கள்.

உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு என்று நீங்கள் சொல்வது கருப்பு சிவப்பு மட்கலம். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டிருக்கிறார்கள். காற்றுப் படாத உட்புறமும் விளிம்பும் கருத்துவிடும், வெளிப்புறம் சிவக்கும். இரும்புக் காலத்திலிருந்து சங்க காலம் வரைக்கும் இது உண்டு. அதனால் இதை மட்டும் வைத்துத் தேதி சொல்ல முடியாது. கூடவே செம்பழுப்புப் பூச்சின் மேல் வெள்ளைக் கோடுகள் அலையலையாக வரைந்த ஓடு இருக்கிறதா என்று பாருங்கள். கொங்குப் பகுதியில் அந்த வகை நன்றாகவே கிடைக்கும், நொய்யல் கரையில் அகழாய்வு நடந்த கொடுமணலிலும் உண்டு. தட்டின் உட்புறத்தில் பல் சக்கரம் உருட்டியதுபோல் வட்டமாகப் புள்ளி வரிசை ஓடினால் அது ரௌலட் வகை. அது கடல் வணிகக் காலத்தைச் சேர்ந்தது. கழுத்து குறுகி, இரண்டு தடித்த காதுகளும் கூரான அடியும் உள்ள ஜாடித் துண்டு என்றால் மதுவோ எண்ணெயோ வந்த ஆம்போரா. 1970களில் தொடங்கிக் கரூரில் மாநிலத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் இவையெல்லாம் வந்திருக்கின்றன. ஓட்டின் தோள்பட்டைப் பகுதியில் கீறல் இருந்தால் அந்த ஓட்டைத் தனியாக வையுங்கள். குறியீடாகவும் இருக்கலாம், தமிழி எழுத்தில் ஒரு ஆளின் பெயராகவும் இருக்கலாம். கொடுமணலில் பெயர் எழுதிய ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன.

ஊர் அப்படிப்பட்ட ஊர். பழைய கிரேக்க நிலநூலாசிரியர் தாலமி தன் நூலில் சேரர் தலைநகராகச் சொல்லும் 'கரூரா' இதுதான் என்பது பலர் முடிவு. சங்கப் பாடல்கள் சேரர் தலைநகராகச் சொல்லும் வஞ்சி இங்கேயா கேரளத்துக் கொடுங்கல்லூரிலா என்ற பழைய சண்டைக்குள் நான் போகவில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வேலாயுதம்பாளையம் ஆறுநாட்டான் மலையில் புகளூர்க் கல்வெட்டுகள் இருக்கின்றன, பார்த்திருப்பீர்கள். கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறைச் சேரரையும் அங்கே வெட்டி வைத்திருக்கிறார்கள். அதே மலையில் கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி என்பவன் துறவிக்குக் கற்படுக்கை செய்து கொடுத்த செய்தியும் உண்டு. உங்கள் தெருவில் ஏதோ ஒரு இடத்தில் அப்படிப்பட்ட ஒரு வாணிகன் கடை போட்டிருந்தான் என்று நினைப்பதில் மிகை ஒன்றும் இல்லை. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த பாதை நொய்யலை ஒட்டிக் கொடுமணலைத் தொட்டுக் கரூருக்கு வரும். அந்தத் தடம் நெடுக ரோமானியக் காசு கிடைத்திருக்கிறது. கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் 1842இலேயே ரோமானியப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக் காசுக் குவியல் வந்தது.

ஆனால் இதற்காக எல்லாமே இரண்டாயிரம் வருஷம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பழைய ஊரின் மண் கலங்கிய மண். நடுவில் வந்தவர்கள் குப்பைக்குழி தோண்டுவார்கள், கக்கூஸ் குழி தோண்டுவார்கள், பழைய சுவரின் கல்லை உருவி எடுப்பார்கள். அப்போது கீழே இருந்த சங்க கால ஓடு மேலே வரும், மேலே இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு கீழே போகும். ஒரு அடுக்கின் காலத்தை அதில் உள்ள மிகப் பழைய பொருளை வைத்துச் சொல்லக் கூடாது, மிகப் புதிய பொருளை வைத்துத்தான் சொல்ல வேண்டும். சாம்பல் மண்ணுக்குள் கருப்பு சிவப்பு ஓடு ஐம்பது கிடந்தாலும், நடுவில் நீலப்பூ போட்ட ஒரு பீங்கான் சில்லு இருந்தால் அந்தக் குழியை மூடியது கடந்த சில நூற்றாண்டுகளில்தான். யானை போட்ட காசைப் பார்த்ததும் சேரர் என்று துள்ளுபவர்கள் பலர். திப்பு சுல்தானின் செப்புக் காசிலும் யானை உண்டு. அது வட்டம், தடிமன், மறுபக்கம் பாரசீக எழுத்து. 18ஆம் நூற்றாண்டில் மைசூருக்கும் கம்பெனிக்கும் நடந்த சண்டைகளில் கரூர்க் கோட்டை கை மாறிக்கொண்டே இருந்தது. ஈயக் குண்டும் இரும்புக் குண்டும் வந்தாலும் வரும். அவையும் வரலாறுதான், தூக்கி எறிய வேண்டாம்.

குழிச் சுவரைச் செதுக்க வேண்டாம் என்றேன்; மேலே ஒட்டியிருக்கும் மண் மட்டும் உதிரும்படி கொத்துக் கரண்டியால் லேசாகச் சுரண்டினால் போதும், நிறம் மாறும் கோடுகள் தெரியும். மேலே சிமென்ட்டும் பிளாஸ்டிக்கும் கலந்த மண், அதற்குக் கீழே அப்பாரு காலத்துச் சுண்ணாம்புக் காரை, அதற்கும் கீழே செங்கல் தூள், பிறகு சாம்பல் என்று வரும். அளவுநாடாவைச் சுவரில் தொங்கவிட்டு, அது தெரியும்படி நேராக நின்று போட்டோ எடுங்கள். நான்கு பக்கமும் எடுத்து, எது வடக்குச் சுவர் என்று எழுதி வையுங்கள். ஆழத்தை எங்கிருந்து அளந்தீர்கள் என்பதும் முக்கியம். ரோடு மட்டம் வருஷா வருஷம் ஏறுகிறது. அதனால் மாறாத ஒன்றை, பக்கத்து வீட்டுக் கல்படி மாதிரி, அடையாளமாக வைத்து அங்கிருந்து அளங்கள். காசு எந்தச் சுவர்ப் பக்கம், எந்த நிற மண்ணில் வந்தது என்று ஜேசிபி ஓட்டியவரையும் கீழே நின்ற ஆளையும் இன்றைக்கே கேட்டு எழுதுங்கள். ஒரு வாரம் போனால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

காசைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது, எலுமிச்சை கூடாது, ஆசிட் கூடவே கூடாது. பச்சைப் பூச்சுக்கு உள்ளேதான் எழுத்து இருக்கும். தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போகும். உலர்ந்த தாளில் ஒவ்வொன்றாகப் பொதிந்து, மருந்து டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைக் கூடப் போட்டு மூடி வையுங்கள். வெளிர் பச்சையில் மாவு மாதிரி உதிர்ந்தால் உள்ளே அரிப்பு நடக்கிறது என்று அர்த்தம், அந்தக் காசை மற்றவற்றோடு சேர்த்து வைக்க வேண்டாம். கரித்துண்டு இருந்தால் கையால் தொடாமல் சுத்தமான கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் சுருட்டுங்கள். ஓடுகளைப் பெரியது சின்னது பார்க்காமல், எந்த இடத்தில் எடுத்ததோ அந்தச் சீட்டோடு தனித்தனிச் சாக்கில் போடுங்கள்.

இனிச் சட்டம். இங்கேதான் ஊரில் வதந்தி அதிகம். என்ஜினியர் பயப்படுவது 1958ஆம் வருஷத்துப் பழமையான நினைவுச் சின்னங்கள் சட்டத்தையும் அதன் 2010ஆம் வருஷத் திருத்தத்தையும் நினைத்து. மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானம் கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்பது அது. அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்குத்தான் அந்த விதி. உங்கள் குழியில் ஓடு கிடைத்ததாலேயே உங்கள் மனை சின்னம் ஆகிவிடாது. ஒரு இடத்தை மத்தியப் பாதுகாப்புக்குள் கொண்டுவர அரசிதழில் அறிவிக்க வேண்டும், ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். உறைகிணறு கிடைத்த தனியார் மனையை யாரும் இரவோடு இரவாக எடுத்துக்கொள்ள வழியே இல்லை. கீழடியில்கூடத் தோண்டியது பெரும்பாலும் தனியார் தென்னந்தோப்பில், உரிமையாளர்கள் சம்மதத்தோடு.

உங்களைக் கட்டுப்படுத்துவது 1878ஆம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டம். மண்ணுக்குள் மறைந்திருந்த, மதிப்புள்ள எந்தப் பொருளும் அதன் கணக்கில் புதையல்தான். மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாயை இன்றுவரை மாற்றவில்லை. என்ன கிடைத்தது, சுமார் மதிப்பு, எங்கே, எந்தத் தேதியில் என்பதை எழுதி, பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும் அல்லது கேட்டபோது காட்டுவதாகப் பிணை கொடுக்க வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ வரலாம், பங்கும் போய்விடும். முறையாகச் சொன்னால் விசாரணை நடக்கும். உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவானால், தனியாக ஒப்பந்தம் இல்லாத நிலையில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, இடத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு தானே எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். காசைக் கையால் எடுத்தவர் உங்கள் கூலியாள் என்றால், கண்டெடுத்தவர் அவர்தான் என்று சொல்ல இடம் உண்டு. எழுதிக் கொடுக்கும் கடிதத்தில் அவர் பெயரையும் போடுங்கள். அதைச் செய்யாத இடங்களில்தான் பொருள் இரவில் காணாமல் போகிறது.

உலோக மதிப்பும் ஐந்தில் ஒரு பங்கும் என்பது ஒரு சேரர் செப்புக் காசுக்கு அநியாயமான கணக்கு என்பது என் கருத்து. செம்பு விலைக்குக் காசைக் கேட்டால் எவன் கொடுப்பான்? வியாபாரி வீட்டு வாசலில் வந்து நிற்க முக்கியக் காரணமே அந்த விதி. அதற்காக அவரிடம் கொடுத்துவிடலாம் என்று ஆகிவிடாது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு, 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், பெரும்பாலும் அத்தோடு ஆள் வரமாட்டார்.

யாரிடம் சொல்வது? கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், கலெக்டர் என்று வருவாய்த் துறை வழியில் கடிதம் போகட்டும். ஒப்புதல் முத்திரை வாங்கிய நகல் உங்களிடம் இருக்கட்டும். அதே நாளில் மாநிலத் தொல்லியல் துறைக்கும் கரூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் போட்டோக்களோடு ஒரு நகல் அனுப்புங்கள். வருவாய்த் துறைக்குப் பொருள் மட்டும் கண்ணில் படும், தொல்லியல் ஆட்களுக்குத்தான் சுவர் கண்ணில் படும். பக்கத்துக் கல்லூரியில் வரலாற்றுத் துறை இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள், மாணவர்களோடு வந்து ஒரு பகலில் சுவரை வரைந்துவிட்டுப் போவார்கள். சிலையோ செப்பேடோ வந்தால் மட்டும் வேலையை அந்த நிமிடமே நிறுத்திவிட்டுப் போலீசுக்கும் தெரிவியுங்கள்.

கட்டட வேலை நின்றுபோகுமே என்ற கவலை நியாயமானது. கடன் வட்டி ஓடும். நம் ஊரில் பழைய நகருக்குள் கட்டட அனுமதி கொடுக்கும்போதே 'முதலில் தொல்லியல் ஆள் பார்க்கட்டும்' என்று நிபந்தனை போடும் பழக்கம் இல்லை. அதனால் பாரம் முழுக்க உங்களைப் போன்றவர் தலையில் விழுகிறது. இங்கிலாந்தில் 1990இலிருந்து அந்த ஆய்வுச் செலவையே கட்டுகிறவர் திட்டச் செலவில் சேர்க்கும் முறை வந்துவிட்டது. லண்டனில் 1954இல் குண்டு விழுந்து இடிந்த இடத்தில் அலுவலகம் கட்டத் தோண்டியபோது ரோமானியர் காலத்தில் மித்ராஸ் என்ற தெய்வத்துக்குக் கட்டிய கோயில் வந்தது. அப்போது அதைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்தார்கள். பிறகு அதே மனையில் புதிய கட்டடம் எழுந்தபோது பழைய இடத்துக்கு அருகிலேயே தரைக்கு அடியில் திரும்ப அமைத்து 2017இல் மக்களுக்குத் திறந்தார்கள். மேலே அலுவலகம் நடக்கிறது.

உங்கள் இடத்துக்கு அவ்வளவு தேவையில்லை. உறைகிணறு மனையின் எந்த மூலையில் இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் தூண் வராதபடி தூண் வரிசையை இரண்டு மூன்றடி நகர்த்த முடியுமா என்று என்ஜினியரைக் கேளுங்கள். முடியும் என்றால் உறையைப் படம் வரைந்து முடித்தபின் சலித்த ஆற்று மணலை நிரப்பி, மேலே துணிவிரிப்புப் போட்டு மூடிவிட்டு அதற்கு மேல் தரை போடலாம். கான்கிரீட்டை நேராக அதன் மேல் கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேல், செலவும் பெரிதில்லை. தூணை நகர்த்தவே முடியாது என்றால், வளையங்களை வரிசை எண் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம்.

வீட்டை இடித்த கல்லையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். கொங்கு நாட்டில் கல்வெட்டுத் துண்டு வாசல்படியாகவும், வீரக்கல் துணி துவைக்கும் கல்லாகவும் கிடப்பது சகஜம். இருட்டிய பிறகு டார்ச்சை ஒரு பக்கமிருந்து சாய்த்து அடித்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும்.

கடைசியாக, லாரியில் போன மண். முதல் இரண்டு நாள் எடுத்த மண்ணை எங்கே கொட்டினார்கள் என்று டிரைவரிடம் இன்றே கேளுங்கள். அது இன்னும் ஒரே குவியலாகக் கிடந்தால், மணல் சலிக்கும் சல்லடையில் போட்டுப் பார்க்கலாம். அடுக்கு போய்விட்டதால் அதில் கிடைப்பவற்றைத் தனிச் சாக்கில் போட்டு 'லாரி மண்' என்று எழுதுங்கள், குழியில் எடுத்தவற்றோடு கலக்க வேண்டாம். வேறு யாராவது மனை நிரப்ப வாங்கிப் போயிருந்தால், அந்த இடத்தின் விவரத்தையும் கலெக்டருக்கு எழுதும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.